ஒன்பது நிமிடம் முன்னால் கிளம்பியவன்

2022 நவம்பர் 19, சனிக்கிழமை. லண்டன் ட்விக்கன்ஹாம் ரக்பி மைதானத்தில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் மோதிய ஆட்டம் 25-25 என்று டிராவில் முடிந்தது. அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. ஆட்டத்தில் யாரும் மறக்காத அந்தக் கடைசி ஒன்பது நிமிடம் நடந்தபோது நான் மைதானத்துக்கு வெளியே, ஒரு பர்கர் வண்டிக்குப் பக்கத்தில் குளிரில் நின்றுகொண்டிருந்தேன். இதை என் மகனிடம் ஒப்புக்கொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆனது. யாராவது முன்பே இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், ஆட்டமும் கிடைத்திருக்கும். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் இருக்கிறேன். ரக்பிக்கும் எனக்கும் ஊரில் எந்தச் சம்பந்தமும் கிடையாது, நமக்குக் கிரிக்கெட்தான். அந்த நவம்பரில் கிரிக்கெட்டும் கையை விட்டிருந்தது. 10ஆம் தேதி அடிலெய்டில் இருபது ஓவர் உலகக் கோப்பை அரையிறுதி. இங்கிலாந்து பத்து விக்கெட்டில் நம்மை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அலுவலகத்தில் தலை காட்ட முடியவில்லை. என் மேசைக்கு எதிரே உட்காரும் ஆங்கிலேய நண்பர் ஒருவர், "கிரிக்கெட்டை விடு, ஆல் பிளாக்ஸ், அதான் நியூசிலாந்து ரக்பி அணி, வருகிறார்கள், வந்து பார். இரண்டு அணியும் 2019 உலகக் கோப்பை அரையிறுதிக்குப் பிறகு இப்போதுதான் மோதுகின்றன" என்றார். அந்த அரையிறுதியில் இங்கிலாந்து 19-7 என்று ஜெயித்ததை டிவியில் பார்த்திருந்தேன். சரி, போகலாம் என்று தோன்றியது. அவருக்கு டிக்கெட் ஏற்கெனவே இருந்தது, நான் எனக்கு வாங்க வேண்டும். வாங்கினேன். ஆட்டத்துக்கு முந்தின நாள் அவருக்குக் காய்ச்சல், வரவில்லை என்று செய்தி அனுப்பினார். ஆக, விதிமுறை பாதி தெரியாத ஆட்டத்துக்கு நான் தனி ஆளாகப் போனேன்.

டிக்கெட் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், பணம் போனது அங்கேதான். தேடியதும் முதலில் வந்த மறுவிற்பனைத் தளத்தில் போய் விழுந்தேன். டிக்கெட்டின் உண்மையான விலை 112 பவுண்டு. நான் கொடுத்தது, சேவைக் கட்டணம் என்று அவர்கள் சேர்த்ததோடு, 198. பணம் உடனே போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. "விற்பவர் விரைவில் அனுப்புவார்" என்று மட்டும் தினமும் ஒரு மின்னஞ்சல் வரும். ஆட்ட நாள் மதியம் இரண்டு மணிக்குத்தான் போனில் டிக்கெட் வந்து விழுந்தது. அதுவரை சாப்பாடு இறங்கவில்லை. பிறகுதான் விவரம் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்து ரக்பி சங்கத்தின் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது அவர்கள் விதிப்படி தப்பு. அப்படி விற்ற டிக்கெட்டை அவர்கள் ரத்து செய்யலாம். வாசலில் நிறுத்தினால் வாங்கியவன் பாடு திண்டாட்டம். இதற்காக அந்தச் சங்கம் வழக்குப் போட்டு, விற்றவர்களின் பெயர் விவரங்களைக் கொடுத்தாக வேண்டும் என்று 2012 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே வாங்கியிருக்கிறது. முறையான வழி ஒன்று உண்டு: போக முடியாதவர்கள் வாங்கிய விலைக்கே டிக்கெட்டைத் திருப்பி விற்க அதிகாரபூர்வ ஏற்பாடு இருக்கிறது. கடைசி வாரத்தில், அதுவும் வியாழன் வெள்ளியில், என் நண்பரைப் போலக் காய்ச்சல் வந்தவர்கள் டிக்கெட்டெல்லாம் அங்கே எட்டிப் பார்க்கும். பொறுமையாக உட்கார்ந்து பார்த்தால் கிடைக்கும். எனக்குப் பொறுமை இல்லை. 86 பவுண்டு அதற்கு விலை.

ஆட்டம் மாலை ஐந்தரைக்கு. வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. மனைவி மருத்துவமனையில் நர்ஸ், அன்று அவளுக்கு இரவுப் பணி. ஒன்பது மணிக்கு அவள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், பத்து வயதுப் பையனைத் தனியாக விட முடியாது. "எட்டே முக்காலுக்கு வீட்டுல இருப்பேன்" என்று கையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பினேன். எண்பது நிமிட ஆட்டம்தானே, ஐந்தரைக்கு ஆரம்பித்தால் ஏழுக்கு முடியும் என்று கணக்குப் போட்டேன். எண்பது நிமிடம் என்பது கடிகாரம் ஓடும் நேரம் மட்டும். அடிபட்டால் நிறுத்துவார்கள், நடுவர் வீடியோ பார்த்தால் நிறுத்துவார்கள், இடைவேளை தனி. ஏழேகால், ஏழரை ஆகிவிடும். அதற்குப் பிறகு 82,000 பேர் கொள்ளும் மைதானம் காலியாகி, அத்தனை பேரும் ஒரு சின்ன ரயில் நிலையத்தை நோக்கி நடப்பார்கள். வீட்டில் வாக்குக் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டும்.

ட்விக்கன்ஹாம் ஸ்டேஷனில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் மைதானம். அந்த நடை ஒரு திருவிழாத் தெரு. வீட்டு முற்றங்களில் அடுப்பு வைத்து இறைச்சி சுடுகிறார்கள், குடும்பம் குடும்பமாக இரண்டு அணிச் சட்டையும் போட்டுக்கொண்டு சேர்ந்தே போகிறார்கள். கால்பந்து மாதிரி ரசிகர்களைப் பிரித்து உட்கார வைக்கும் பழக்கம் இங்கே கிடையாது. இந்த இடம் முன்னாளில் முட்டைக்கோஸ் பயிரிட்ட தோட்டம். 1907இல் வாங்கி மைதானம் ஆக்கினார்கள், இன்றும் செல்லமாக முட்டைக்கோஸ் தோட்டம் என்றுதான் சொல்கிறார்கள். வழியில் ஒருவர் பாதி இங்கிலாந்து வெள்ளை, பாதி நியூசிலாந்து கருப்பு என்று நெய்த மப்ளர் விற்றார். பதினைந்து பவுண்டு. குளிருக்காக வாங்கிப் போட்டுக்கொண்டேன். அது ஒரு தப்பு என்று உள்ளே போனதும் தெரிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் என் கழுத்தைப் பார்த்து, "நீங்கள் யார் பக்கம், முடிவு செய்துவிட்டீர்களா?" என்று கேட்டார். இரு பக்க மப்ளர் போடுபவனை இங்கே யாரும் மதிப்பதில்லை. சுற்றுலாப் பயணி என்று நெற்றியில் ஒட்டிக்கொண்ட மாதிரி.

என் இருக்கை மேல் அடுக்கில், கூரைக்குக் கீழே. காற்று நேராக வந்து அறைந்தது. போகிறவர்கள் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள், இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பெரிய பை கொண்டுபோனால் உள்ளே விட மாட்டார்கள், ஏ4 தாள் அளவுக்குள் இருக்க வேண்டும். காசு நோட்டு செல்லாது, கார்டு மட்டும்தான்.

இரண்டு அணியிலும் ஒருவருக்கு அன்று நூறாவது ஆட்டம்: இங்கிலாந்துத் தலைவர் ஓவன் ஃபாரல், நியூசிலாந்தின் ப்ரோடி ரெட்டாலிக். நியூசிலாந்து அணி ஆட்டத்துக்கு முன் ஆடும் மாவோரிப் போர் நடனமான ஹாகாவை ஆடியபோது மொத்த மைதானமும் பாடி அதை அமுக்கப் பார்த்தது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தச் சூடு அடங்கும் முன்பே, நாலைந்து நிமிடத்தில், இங்கிலாந்து ஆட்டக்காரர் கொடுத்த பாஸைப் பாதியில் பறித்து டால்டன் பாபாலிஈ ஓடிப்போய் ட்ரை வைத்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் கோடி டெய்லர் இன்னொன்று. ட்ரை என்றால் எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது, அதற்கு ஐந்து புள்ளி, அதற்குப் பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இரண்டு, பெனால்டிக்கும், ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் துள்ளவிட்டுக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் டிராப் கோலுக்கும் மூன்று. பத்து நிமிடத்தில் 14-0. இடைவேளையில் 17-3. இரண்டாம் பாதியில் ரீகோ ஐயோனே இன்னொரு ட்ரை. எழுபதாவது நிமிடத்தை ஒட்டி போடன் பேரட் அலட்டிக்கொள்ளாமல் ஒரு டிராப் கோல் அடித்தார். 25-6. மைதானம் செத்துப்போன மாதிரி இருந்தது. என் வரிசையில் நாலு பேர் எழுந்தார்கள்.

போனைப் பார்த்தேன், ஏழு மணி தாண்டிவிட்டது. மனைவியின் செய்தி: "கிளம்பிட்டீங்களா?" பத்து நிமிடத்தில் பத்தொன்பது புள்ளி யார் எடுக்கப்போகிறார்கள்? கிரிக்கெட்டில் கடைசி இரண்டு ஓவரில் ஐம்பது ரன் வேண்டும் என்றால் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போவோமே, அதே மனநிலை. எழுந்துவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் காலை ஒதுக்கி வழிவிட்டபடி, "இருந்து பாருங்களேன்" என்றார். "வீட்டில் வேலை இருக்கிறது" என்றேன். அந்த முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மேல் அடுக்கிலிருந்து இறங்கும் படிகள் முடிவே இல்லாமல் சுற்றிச் சுற்றிப் போகும். பாதி இறங்கியபோது கான்கிரீட் அதிர்ந்தது. முதல் ட்ரை. சரி, ஆறுதலுக்கு ஒன்று வைத்துக்கொள்ளட்டும் என்று இன்னும் வேகமாக இறங்கினேன். பேரட் மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போய்விட்டதால் நியூசிலாந்து பதினைந்துக்குப் பதில் பதினான்கு பேரோடு ஆடிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது. வாசல் கதவைத் தாண்டிச் சாலைக்கு வந்து, போன் எடுத்து மனைவிக்கு "கிளம்பிட்டேன்" என்று தட்டினேன். செய்தி போகவில்லை, நெட்வொர்க் அடைத்துக் கிடந்தது. அப்போது இரண்டாவது சத்தம். முதல் சத்தத்தைவிட இரண்டு மடங்கு. திரும்பி ஓடினேன். வாசலில் நின்ற பணியாளர் தலையை ஆட்டினார். வெளியே வந்தால் வந்ததுதான், திரும்ப உள்ளே விட மாட்டார்கள். டிக்கெட்டைக் காட்டினேன், கெஞ்சினேன். "சாரி, சார்" என்றார். பாவம், அவருக்கும் ஆட்டம் பார்க்க முடியவில்லை, முதுகுக்குப் பின்னால்தான் நடக்கிறது.

அந்தப் பர்கர் வண்டியை ஒட்டி என்னைப் போலவே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒரு பெரியவர் காதில் பாக்கெட் ரேடியோ வைத்திருந்தார். எல்லோரும் அவரைச் சுற்றி, குறி சொல்பவரைச் சுற்றி நிற்பது போல நின்றோம். ஒருவர் போனில் ஸ்கோர் பார்க்க முயன்றார். அதில் வருவது பழங்கதை, சத்தம் வந்து அரை நிமிடம் கழித்துத்தான் எண் மாறும். கூட்டத்துக்குள் போன் உதவாது, சின்ன ரேடியோதான் உதவும்; இதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். "25-18" என்றார் பெரியவர். "இன்னும் மூணு நிமிஷம் இருக்கு." யாரும் பேசவில்லை. பர்கர் விற்றவர்கூட வெங்காயம் வதக்குவதை நிறுத்திவிட்டார்.

மூன்றாவது சத்தத்தை எழுதத் தெரியவில்லை. காது அடைத்தது. அப்புறம் திடீரென்று ஒன்றுமே இல்லை. எண்பதாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்ட நிசப்தம். உதைப்பவருக்கு மரியாதையாக வாயை மூடிக்கொள்வது இங்கே மரபு. பெரியவர் விரலை உதட்டில் வைத்தார், நாங்கள் வெளியே இருந்துகொண்டு வாயை மூடிக்கொண்டோம். இங்கிலாந்தின் மார்கஸ் ஸ்மித் உதைத்தார். மறுபடியும் வெடித்தது. 25-25. என் கழுத்து மப்ளரைப் பிடித்து முன்பின் தெரியாத ஒருவர் உலுக்கினார்.

இனிமேல்தான் விஷயம். ரக்பியில் எண்பது நிமிடம் ஆனதும் ஆட்டம் தானாக நிற்காது. பந்து வெளியே போகும் வரை ஓடும். பந்து யாரிடம் இருக்கிறதோ அவர்கள் நினைத்தால் ஆடிக்கொண்டே இருக்கலாம். நியூசிலாந்து மறுபடி உதைத்த பந்து இங்கிலாந்திடம் வந்தது, எதிரே ஒரு ஆள் குறைவு, மைதானமே அவர்கள் பக்கம். ஒரே ஒரு புள்ளி வாய்ப்பு கிடைத்தால் வெற்றி. அப்போது வெளியில் எங்களுக்கு ஒரு விசித்திரமான ஓசை கேட்டது. கைதட்டல், அதற்கு நடுவே "ஊ" என்று ஊளை, இரண்டும் கலந்து, எதுவும் முழுதாக எழாமல் அப்படியே அடங்கிப்போனது. ஜெயித்தால் எப்படிச் சத்தம் வரும் என்று தெரியும், தோற்றால் எப்படி வரும் என்றும் தெரியும். இது இரண்டும் இல்லை. "போச்சு, கடைசியில் தோற்றுவிட்டார்கள்" என்று நான் நினைத்தேன். பெரியவர் ரேடியோவைக் காதிலிருந்து எடுத்தார். "ஸ்மித் பந்தை வெளியே அடித்துவிட்டான். டிரா."

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். நிம்மதியாக இருந்தது. நல்ல வேளை, ஜெயிக்கவில்லை. ஜெயித்திருந்தால் நான் வாழ்நாள் முழுக்க அந்த வெற்றியைத் தவறவிட்டவன் ஆகியிருப்பேன். டிராதானே, பெரிதாக ஒன்றும் போகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சுற்றி நின்றவர்கள் முகத்திலும் அதே நிம்மதி. ஒருவர் வாய்விட்டே சொன்னார், "டிராவுக்காகத் திரும்பிப் போக முடியுமா என்ன." எண்பதாயிரம் பேரில் அந்தக் கடைசி உதைக்கு மனசார நன்றி சொன்னவர்கள் அநேகமாக நாங்கள் ஏழெட்டுப் பேர்தான்.

ஸ்டேஷன் வரிசையில் நின்றபோது உள்ளே இருந்தவர்கள் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு முன்னால் நின்ற இளைஞர் கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்பது நிமிடத்தில் மூன்று ட்ரை வைத்தவர்களுக்கு, எதிரே பதினான்கு பேர் மூச்சு வாங்க நிற்கும்போது, பந்தை வெளியே அடிக்க எப்படி மனசு வந்தது என்று. ஒருவன் தொப்பியைக் கழற்றிக் கையில் அடித்துக்கொண்டான். "வெள்ளைக்கொடி காட்டினானுங்க" என்றுகூட ஒரு குரல். பின்னால் நின்ற வயதான அம்மா ஒருவர், "நான் 1997இலும் இங்கே இருந்தேன், அன்றைக்கு 26-26" என்று ஆரம்பித்தார். அன்று முன்னால் ஓடியது இங்கிலாந்து, துரத்திப் பிடித்தது நியூசிலாந்து. கையில் இருந்ததைக் கோட்டை விட்ட டிரா அது. "ஆனாலும் நாங்கள் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனோம். இன்று தோல்வியிலிருந்து தப்பித்தவர்கள் திட்டிக்கொண்டே போகிறார்கள்" என்று சிரித்தார். ஒரு நடுத்தர வயதுக்காரர் மட்டும் ஸ்மித்துக்காகப் பேசினார்: அந்தப் பந்து மெதுவாக வந்தது, சொந்தப் பாதியில் சிக்கியிருந்தார்கள், அங்கே ஒரு தப்பு செய்தால் பெனால்டி, மூன்று புள்ளி, எல்லாம் போச்சு. எனக்கு அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. ஆனால் நான் பார்க்கவே இல்லையே, என்ன கருத்து சொல்வது? வாயை மூடிக்கொண்டேன்.

கருப்புச் சட்டைக்காரர்கள் பேசவே இல்லை. ஒரு தம்பதி ஆக்லாந்திலிருந்து வந்தவர்கள், அந்த அம்மா என்னிடம், "நாங்கள் தோற்கவில்லை என்று எங்களுக்கு யாராவது ஞாபகப்படுத்த வேண்டும்" என்றார். பத்தொன்பது புள்ளி முன்னணியை ஒன்பது நிமிடத்தில் கரைத்தவர்கள் வேறு எப்படி இருப்பார்கள்? அதே 25-25, ஒருவருக்கு எழவு வீடு, ஒருவருக்குக் கோபம், ஒருவருக்குப் பழைய நினைவு. என் மப்ளரைப் பார்த்த அந்த ஆக்லாந்துக்காரர், "இன்றைக்குச் சரியாக உடுத்தி வந்தவர் நீங்கள் ஒருவர்தான்" என்றார். அன்று முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

நமக்கு டிரா புதிதில்லை. ஐந்து நாள் ஆடி டிரா ஆன டெஸ்டைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் நாம். 1986இல் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு ஆடி 'டை' ஆனதை என் அப்பா இன்றும் ஒரு வெற்றியைப் போலத்தான் சொல்வார். ஆனால் ரக்பியில் டிரா அரிது. அதற்கு எப்படி முகம் வைத்துக்கொள்வது என்று அந்த வரிசையில் யாருக்கும் தெரியவில்லை. இங்கிலாந்து ரசிகர்கள் கோபத்துக்கு வேறு காரணமும் உண்டு. அதற்கு முன்பே அந்த மாதத்தில் இங்கிலாந்து அர்ஜென்டினாவிடம் 29-30 என்று இதே மைதானத்தில் தோற்றிருந்தது. கோபம் சேர்ந்துகொண்டு வந்தது. அடுத்த சனிக்கிழமை தென்னாப்பிரிக்காவிடம் 13-27 என்று தோற்றபோது ஊளை இன்னும் பெரிதாக எழுந்தது, டிசம்பர் 6ஆம் தேதி பயிற்சியாளர் எடி ஜோன்ஸை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். அன்று வெளியில் நின்று நான் கேட்ட அந்த அரைகுறை ஊளை, ஸ்மித் அடித்த ஒரு பந்துக்கு மட்டும் எழுந்தது இல்லை என்று பிறகு புரிந்தது.

இப்போது ரயில் கதை. ஸ்டேஷனுக்கு வெளியே தடுப்புக் கம்பி போட்டு இரண்டு வரிசை விடுகிறார்கள், லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷன் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று, ரெடிங் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. வாட்டர்லூ வரிசை அனுமார் வால். ரெடிங் வரிசை அதில் பாதிகூட இல்லை. ஆனால் ரெடிங் ரயில் அரை மணிக்கு ஒன்றுதான். ரேடியோவைச் சுற்றி நின்றதில் எனக்கு ஒரு ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் ஏறினால், எதிர் இருக்கையில் என் பக்கத்து இருக்கைக்காரர்! கடைசி வரை இருந்து, பார்த்து, கைதட்டி, கழிப்பறைக்கும் போய்விட்டு, நிதானமாக நடந்து வந்து அதே ரயிலைப் பிடித்திருக்கிறார். ஒரு நிமிடம்கூட நான் மிச்சம் பிடிக்கவில்லை. அவர் எதுவும் சொல்லவில்லை, தன் போனில் எடுத்த மூன்றாவது ட்ரையின் வீடியோவை என் பக்கம் நீட்டினார். ஆடி ஆடி எடுத்த வீடியோ, பாதிக்கு மேல் யாரோ ஒருவருடைய முதுகு. அதில்தான் நான் முதன்முதலாக அந்த ட்ரையைப் பார்த்தேன். வைத்தவர் வில் ஸ்டூவர்ட், முதல் ட்ரையும் அவரே. நடுவில் வந்த ட்ரை ஃப்ரெடி ஸ்டூவர்ட். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து. தமிழில் எழுதினால் ஒரே குடும்பம் மாதிரி இருக்கிறது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவசரம் என்றால் சீக்கிரம் கிளம்புவது மருந்து இல்லை, வேறு வழியை முன்பே பார்த்து வைப்பதுதான் மருந்து. அரை மணி நடந்தால் ஹவுன்ஸ்லோ ஈஸ்ட், அங்கே பிக்கடில்லி சுரங்க ரயில் கிடைக்கும். இன்னும் கொஞ்சம் கூட நடக்கத் தயார் என்றால் ரிச்மண்ட். அவசரம் இல்லை என்றால் உள்ளேயே முக்கால் மணி நேரம் உட்காருங்கள். கூட்டம் வடிந்ததும் வரிசையும் வடிந்துவிடும். ரெடிங் பக்கத்துக்காரர்கள் ரயில் நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு அதற்கேற்ப இருக்கையை விட்டு எழுந்தால் போதும், பத்து நிமிடம் முன்னால் ஓடி ஒரு பயனும் இல்லை.

வீடு போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதேகால். மனைவி பக்கத்து வீட்டு மலையாளி சேச்சியிடம் பையனை விட்டுவிட்டு, பஸ் போய்விட்டதால் டாக்சி பிடித்துப் போயிருந்தாள். 22 பவுண்டு. டிக்கெட் 198, ரயில் 19, குளிருக்குக் குடித்ததும் தின்றதும் 26, மப்ளர் 15, இதையும் சேர்த்தால் 280 பவுண்டு. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 27,000 ரூபாய். காலையில் பணி முடிந்து வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள், "என்னங்க, ஆட்டமும் பாக்கல, நேரத்துக்கும் வரல. அப்ப எதுக்குங்க போனீங்க?" என்னிடம் பதில் இல்லை. நான் அவளிடம் எட்டே முக்கால் என்று சொல்லாமல் பத்து மணி என்று சொல்லியிருந்தால், சேச்சியிடம் காலையிலேயே பேசி வைத்திருப்போம். மனைவிக்கு டாக்சிச் செலவு இல்லை, எனக்குப் படியில் ஓட்டம் இல்லை. அவளைக் கோபப்படுத்தக் கூடாது என்று சொன்ன நேரம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் காய்ச்சல் தேறி வந்த நண்பர், "கடைசி ஒன்பது நிமிஷம் எப்படி இருந்தது சொல்லு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் சத்தத்தை மட்டும் சொன்னேன். கான்கிரீட் அதிர்ந்தது, நிசப்தம், அப்புறம் அந்த ஊளை. ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவர் கண் விரியக் கேட்டார். பையனிடம் மட்டும் அது நடக்கவில்லை. "மூணாவது ட்ரை எந்தப் பக்கம் வச்சாங்கப்பா, உங்க பக்கமா, எதிர்ப்பக்கமா?" என்று அடுத்த சனிக்கிழமை கேட்டான். அன்றுதான் மாட்டினேன்.

2024 நவம்பர் 2, அதே இரண்டு அணி, அதே மைதானம், பெயர்தான் இப்போது அலையன்ஸ் என்று மாறியிருந்தது. இந்த முறை அச்சிட்ட விலைக்கு, முறையான வழியில், இரண்டு டிக்கெட். மனைவிக்கு விடுமுறை நாள். ஆட்டமும் மதியம் மூன்று மணிக்கு மேல். கடைசிக் கட்டத்தில் இங்கிலாந்து முன்னணியில் இருந்தபோது எங்கள் வரிசையில் ஒருவர் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார். நான் காலை ஒதுக்கி வழிவிட்டபடி, "இருந்து பாருங்களேன்" என்றேன். அவர் கடிகாரத்தைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் நியூசிலாந்து ட்ரை வைத்து 24-22 என்று முந்தியது. ஜார்ஜ் ஃபோர்ட் உதைத்த பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்பியது, கடைசி நொடியில் அடித்த டிராப் கோலும் விலகிப் போனது. பையன் அந்த வெள்ளை கருப்பு மப்ளரை முகம் வரை சுற்றிக்கொண்டு, அழுகை வரும் போல உட்கார்ந்திருந்தான். "போலாமாப்பா?" என்றான். "இரு, கூட்டம் போகட்டும்" என்றேன்.